கேபின் கூரையில் ஐந்து ஓட்டை

நான் வேலை பார்த்த பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. லோடு வண்டிகளின் கேபினுக்கு மேலே வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அந்தச் சின்ன விளக்குகள். ஆனால் இவற்றுக்கு ஓட்டை போட வேண்டாமாம். பின்பக்கத்துத் தாளை உரித்து ஒட்டினால் போதுமாம். படத்தைப் போட்டவன் முருகேசன். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவன். கீழே எழுதியிருந்தான்: "மல்லிகாக்கா, இனிமே ஓட்டையும் இல்ல, ஒழுகலும் இல்ல. உங்க கெட்டிலை மியூசியத்துல வச்சிரலாமா?"

அதற்குக் கீழே ஒரே சிரிப்புப் பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன். பிறகு பதில் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத அது போனில் அடங்காமல் போய்விட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கெட்டில் மியூசியத்துக்குப் போகாது. அது என் வீட்டில்தான் இருக்கிறது. போன மாதம் அதற்கு ஒரு வேலை வந்தது. என் மகள் கயல்விழி தொடர்ந்து வண்டி ஓட்டுவதா, வண்டியை விற்றுவிடுவதா என்று அந்தக் கெட்டிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. ஆனால் சிரிப்பும் வருகிறது. இரண்டும் ஒன்றாக வருவதுதான் பெற்றவளுக்கு வாய்த்தது.

தஞ்சாவூர் புறவழிச் சாலையோரம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை அது. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்துவிட்டு வந்த ஒரே பெண் நான். முதல் இரண்டு வருடம் வயர் உரித்தேன், டீ வாங்கினேன், "பொம்பளைப் புள்ள கூரையில ஏறுதே" என்று ரோட்டில் போகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் பயிற்சிக் காலம். மூன்றாவது வருடம் காதர் பாய் என்னைத் தன் பிரிவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

காதர் பாய்தான் மின்வேலைப் பிரிவுக்கு மேஸ்திரி. கூத்தாநல்லூர்க்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். எத்தனை கிரீஸுக்கு நடுவில் நின்றாலும் அவர் சட்டை வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று கடைசிவரை யாருக்கும் புரியவில்லை. யாரையும் திட்ட மாட்டார். வேலை சரியில்லை என்றால் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி, நிதானமாகப் பார்ப்பார். "ரொம்ப நல்லாருக்கு" என்பார். நமக்கு முகம் மலரும். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "கழட்டு" என்பார்.

கூரை விளக்கு வைப்பதில் அவருக்குத் தனி முறை இருந்தது. பார்ப்பவர்களுக்கு அது ஐந்து ஓட்டை, பத்துத் திருகாணி. அவருக்கு அது ஒரு வீட்டுக்குக் கூரை வேய்கிற வேலை. முதலில் கேபினுக்குள் இருக்கிற உள்கூரை அட்டையை இறக்கச் சொல்வார். குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் மேலே பென்சில் வைக்கக் கூடாது. பிறகு கூரையில் காகித டேப் ஒட்டி, நடு விளக்கைக் குறிப்போம். அடுத்தது இரண்டு ஓரம். மற்ற இரண்டும் கடைசியில். ஓரத்திலிருந்து அளந்து வந்தவன் நடுவில் கோணலாகத்தான் வந்து சேருவான் என்பார்.

துளை போடுகிற பிட்டில் ரப்பர் டியூப் துண்டு ஒன்றைச் செருகி வைப்போம். தகரம் திடீரென்று விட்டுக்கொடுக்கும்போது பிட் உள்ளே பாயாமல் அது தடுக்கும். துளையின் பிசிறை அராவி எடுத்து, வெட்டுப்பட்ட விளிம்புக்கு பிரைமர் தடவுவோம். தடவாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் அந்த விளிம்பு துருப்பிடித்துப் பாக்குத்தூள் மாதிரி உதிரும். துளைக்கு ரப்பர் வளையம், அதற்குள் வயர். உள்ளே போனதும் வயர் நேராக ஓடக் கூடாது. கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வயரைப் பிடித்துக்கொண்டு வருகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டி நின்றுவிடும், இணைப்பு வரைக்கும் போகாது.

கடைசியில் சிலிக்கான் பசை. புளித்த வாடை அடிக்கிற மலிவு டியூபைப் பார்த்தாலே பாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது தகரத்தைத் தின்னும். வாடை இல்லாததைத்தான் விளக்கின் அடியில் சுற்றிப் பிதுக்க வேண்டும். அதிலும் முழுவட்டம் கூடாது. "பின்பக்கம் ஒரு நெல்லு அளவுக்கு வழி விடு புள்ள. தண்ணி எப்படியாச்சும் உள்ள வரும். வந்தது வெளியில போகணும்ல?" வாய்க்கால் ஊர்க்காரர்களான எங்களுக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. வடிகால் இல்லாத வயல் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

அப்புறம்தான் கெட்டில். டீ வாங்குகிற அலுமினியக் கெட்டில், நீண்ட மூக்கு. ஓஸ் பைப்பால் அடித்துப் பார்க்கவே விட மாட்டார். வேகமாக வருகிற தண்ணீர் தாண்டி ஓடிவிடும். மெதுவாக நிற்கிற தண்ணீர்தான் உள்ளே போக வழி தேடும். விளக்கு வைத்தவர் கேபினுக்குள் உட்கார வேண்டும். இன்னொருவர் மேலே ஏறி ஒவ்வொரு விளக்காக நிதானமாக ஊற்றுவார். ஒழுகினால் ஒழுகவிட்டவர் தலையில்.

நான் முதன்முதலாகத் தனியாக விளக்கு வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. உள்ளே ஏறப் போனேன்.

"நீ மேல ஏறி ஊத்து, நான் உட்கார்றேன்" என்றார் பாய்.

"பாய், நீங்க தொழுகைக்குப் போற சட்டையில இருக்கீங்க."

"அதனாலதான் உட்கார்றேன். நல்லா வச்சிருக்கேன்னு நீதானே சொன்ன?"

மேலே நின்று நான் பதறிப் பதறி ஊற்றியதில் பாதித் தண்ணீர் கண்ணாடியில் போயிற்று. ஐந்தாவது விளக்கும் முடிந்தது. கேபினுக்குள் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மனிதர் ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டை அப்படியே வெள்ளையாக இருந்தது. அதற்குப் பிறகு எவ்வளவோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். அந்தத் தூக்கத்துக்கு எதுவும் ஈடில்லை.

இந்த விளக்குகள் எதற்கு என்று கேட்பார்கள். அழகுக்கு என்று நினைப்பவர்கள் நீலம், பச்சை, ஊதா என்று கேட்டு வருவார்கள். "அதுக்கு சீரியல் செட்டுக்காரர்ட்ட போங்க தம்பி" என்று அனுப்பிவிடுவோம். எதிரே வருகிறவருக்கு வண்டியின் உயரத்தைக் காட்டத்தான் இது. அதோடு எங்கள் பக்கம் ஓட்டுநர்களுக்குள் ஒரு வழக்கமும் உண்டு. லோடு ஏற்றியிருந்தால்தான் கூரை விளக்கைப் போடுவார்கள். இங்கே வாய்க்காலுக்கு ஒரு பாலம். பாதிப் பாலங்களில் ஒரு பெரிய வண்டிதான் போகும். எதிரே கூரை விளக்கு எரிந்தால் லோடு வருகிறது என்று பஸ்காரர்கூட அந்தக் கரையிலேயே நிற்பார். எரியாவிட்டால் ஏதோ காரோ காலி வண்டியோ, ஒதுங்கிக்கொள்ளும் என்று வந்துவிடுவார். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனாலும் எல்லாரும் மதிக்கிறார்கள்.

கூரையில் வேலை செய்து செய்து கழுத்து எலும்பு தேய்ந்து, ஐம்பத்திரண்டு வயதில் ஓய்வு வாங்கிக்கொண்டேன். இனி வண்டிகளோடு உறவில்லை என்று நினைத்தேன். அடுத்த மாதமே பி.காம். படித்த என் மகள் ஒரு பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். பேராவூரணிப் பக்கமிருந்து தேங்காய் கொண்டுவருவது, அறுப்புக் காலத்தில் வைக்கோல் கட்டுகளை மாட்டுப்பண்ணைகளுக்கு ஏற்றிப்போவது என்று எல்லாம் பேசி முடித்திருந்தாள்.

"உங்கம்மா வண்டிக்கடியிலயே வாழ்க்கைய ஓட்டிட்டா. நீயாவது ஏசி ரூம்ல உட்காரக் கூடாதா?" என்றார் என் கணவர்.

"வண்டியிலயும் ஏசி இருக்குப்பா" என்றாள்.

அவர் உள்ளே போனார். ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்த அவருக்கு எந்தக் கவலை வந்தாலும் கை சந்தனக் கிண்ணத்துக்குப் போகும். என் கவலை ஸ்பேனருக்குப் போனது. கழுத்துவலியோடு கூரையில் ஏறி ஐந்து விளக்கு வைத்தேன். பாய் சொன்ன முறையில் எதையும் விடவில்லை. மற்ற விளக்குகளோடு சேராமல் தனி ஃபியூஸ் கொடுத்தேன். கெட்டிலால் ஊற்றிப் பார்த்தேன். சிலிக்கான் இறுகும்வரை யாரும் தொடக் கூடாது என்று அவரிடமும் சொன்னேன். ஒரு நாள் முழுக்கக் கிண்ணத்தோடு காத்திருந்துவிட்டுத்தான் பொட்டு வைத்தார். நல்ல மனிதர்.

ஒரு வருடம் நன்றாகவே ஓடியது. போன மாதம், குறுவை அறுப்பு நேரம். ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கயல் வைக்கோல் ஏற்றித் தார்ப்பாய் மூடிக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். கூரை விளக்கு சுவிட்சைப் போட்டிருக்கிறாள். சுவிட்சில் இருக்கிற சின்னச் சிவப்பு விளக்கும் எரிந்திருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்குத் தன் தலைக்கு மேலே இருப்பது எப்படித் தெரியும்? வாய்க்கால் பாலத்துக்கு எதிர்க்கரையில் பஸ் வருவதைப் பார்த்தாள். நிற்கும் என்று நினைத்துப் பாலத்தில் ஏறினாள். மழையில் மங்கலாக இரண்டு ஹெட்லைட் மட்டும் பார்த்த பஸ்காரர், கார்தான் என்று நினைத்து அவரும் ஏறினார்.

கிட்டே வந்த பிறகுதான் அவருக்கு வைக்கோல் போர் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் பிரேக்கை மிதித்தார்கள். பஸ்ஸின் பக்கக் கண்ணாடிக் கம்பி தார்ப்பாய்க் கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. பிக்கப்பின் இடது சக்கரம் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உரசி நின்றது. கீழே தண்ணீர் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து சரிந்த கட்டுகளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெரியம்மா தன் பூக்கூடையெல்லாம் வைக்கோல் என்று சண்டை போட்டுவிட்டு, கடைசியில் ஒரு முழம் மல்லிகையைக் கயலின் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பஸ் ஓட்டுநர் மட்டும், "ஏம்மா, லோடு ஏத்திட்டு மேல் விளக்குப் போடாம வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். "போட்டுத்தாண்ணே வந்தேன்" என்று இவள் காட்டத் திரும்பினால், ஐந்தும் இருட்டு.

தலையில் மல்லிகையும் உடம்பெல்லாம் வைக்கோலுமாக அவள் வீட்டுக்குள் வந்து, சிரித்துக்கொண்டே இதைச் சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான்: விளக்கு எரியவில்லை. நான் வைத்த விளக்கு.

"வண்டிய வித்துடுவோம்" என்றேன்.

"ஏம்மா, விளக்கு எரியலைன்னா விளக்கைத்தானே பாக்கணும்?"

"அந்தப் பாலத்துக்குக் கீழ எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தானே பாத்தேன்" என்றாள். அப்போதுதான் அவள் குரலும் லேசாக உடைந்தது. சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பிறகு அவளே சொன்னாள்: "நீ கழட்டிப் பாரும்மா. என்ன கோளாறுன்னு உன்னால சொல்ல முடியலைன்னா வித்துடலாம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

மறுநாள் மழை விட்டதும் ஏணியைப் போட்டேன். சுவிட்சுக்கு அடுத்து வைத்திருந்த தனி ஃபியூஸ் போயிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஏன் போயிற்று என்பதல்லவா கேள்வி. ஓரத்து விளக்கு இரண்டையும் கழற்றினேன். உள்ளே உலர்ந்து சுத்தமாக இருந்தன. அடுத்த இரண்டில் லேசாக ஈரம், அவ்வளவுதான். நடு விளக்கின் மூடியைக் கழற்றினேன். உள்ளே பாதிவரை தண்ணீர் நின்றது. மஞ்சள் தண்ணீர். துரு என்று நினைத்து விரலை விட்டுப் பார்த்தேன். மூக்கருகே கொண்டு போனேன்.

மணந்தது.

குனிந்து விளக்கின் பின்பக்கத்தைப் பார்த்தேன். நெல் அளவுக்கு நான் விட்டிருந்த வழி இருந்த இடத்தில் சிமெண்ட் பூசியது போல ஒரு மேடு. நகத்தால் சுரண்டினேன். சந்தனம், அதன்மேல் குங்குமம், மறுபடி சந்தனம், மறுபடி குங்குமம் என்று அடுக்கடுக்காக வந்தது.

"கொஞ்சம் இங்க வர்றீங்களா?" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன். அவர் வந்து ஏணிக்குக் கீழே நின்றார்.

"விளக்குக்குப் பொட்டு வச்சீங்களா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வைப்பேனே. நீ சொன்ன மாதிரி ஒரு நாள் விட்டுத்தான் ஆரம்பிச்சேன்."

"முன்னாடி வைக்க வேண்டியதுதானே? ஏன் பின்னாடி?"

"கண்ணாடியில வச்சா வெளிச்சம் மறைக்கும்ல? அதான் பாத்துப் பாத்துப் பின்னாடி வச்சேன். அங்க ஒரு சின்னப் பள்ளம் இருந்துச்சு, பொட்டு நல்லா நின்னுச்சு. நடு விளக்குக்குக் கொஞ்சம் கூடுதலா வச்சேன். அது மூலவர் மாதிரி இருந்துச்சு."

கயல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கயலே வடிகால் விஷயத்தைச் சொல்லிப் புரியவைத்தாள். புரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "நானா? என் புள்ளைக்கா?" என்றார். நான் அவசரமாக ஏணியிலிருந்து இறங்கினேன். முந்தின இரவு முழுக்க எனக்குள் ஓடிய அதே கேள்விதான் அது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு ஒரே அளவு பயந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

காதர் பாய்க்குப் போன் போட்டேன். இப்போது கூத்தாநல்லூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம்.

"என்ன அடைச்சிருந்துச்சு? சந்தையில?"

"சந்தனம் பாய், சந்தனம்! இவர் வச்ச பொட்டு!"

அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பி இருமலில் போய் முடிந்தது. "சிலிக்கானுக்குச் சட்டம் போட்டேன், வயருக்குப் போட்டேன். இத்தனை வருஷம் உங்க ஆயுத பூஜைப் பொரியத் தின்னுருக்கேன், சந்தனத்துக்கு ஒரு சட்டம் போடத் தோணலையே புள்ள" என்றார். வண்டியில் வைத்த மற்றதையெல்லாம் விசாரித்தார். வயர்த் தொங்கல் விட்டாயா, தனி ஃபியூஸா, எந்த சிலிக்கான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"ரொம்ப நல்லாருக்கு" என்றார். நான் காத்திருந்தேன். "கழட்டு" என்றார்.

ஐந்தையும் கழற்றினேன். சுத்தம் செய்து, காயவைத்து, நடு விளக்கை மட்டும் புதிதாக மாற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து வைத்தேன். இறுகிய பிறகு கெட்டிலை எடுத்தேன். கயல் மேலே ஏறி ஊற்றினாள். நான் உள்ளே உட்கார்ந்தேன். பின்னால் விட்ட ஐந்து வழியிலும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியே வருவதை அவர் கீழே நின்று பார்த்து, "போகுது, போகுது" என்று ஒவ்வொன்றுக்கும் அறிவித்தார். சந்தனக் கிண்ணத்துக்கு வண்டியின் உள்ளே, டேஷ்போர்டு மேலே, நிரந்தர இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். என்ன கோளாறு என்று சொல்லியாகிவிட்டது. பேசியபடி வண்டி அவளுக்கு. ஆனாலும் என் மனம் முழுதாகச் சம்மதிக்கவில்லை.

அடுத்த மழைக்கு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

"சோதனை முடிஞ்சிருச்சுல்லம்மா?"

"கெட்டில் வேற, மழை வேற. ஓட்டு."

வைக்கோலை இந்த முறை அளவாக, கேபினைவிட்டு வெளியே நீளாமல் ஏற்றியிருந்தாள். சுவிட்சைப் போட்டதும் நானே இறங்கிப் போய் ஐந்தும் எரிவதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு உள்கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தேய்ந்த கழுத்து கத்தியது. மழை தகரத்தில் சோளம் பொரிகிற மாதிரி அடித்தது. ரோடு எங்கே போகிறது, வயல் எந்தப் பக்கம் என்று எதுவும் எனக்குத் தெரியாது. ஓர் அட்டையைப் பார்த்துக்கொண்டே நான் செய்த பயணம் அது.

"அம்மா, பாலம் வருது" என்றாள் கயல்.

அப்போதுதான் முன்னால் பார்த்தேன். எதிர்க்கரையில் ஒரு பஸ். அவள் வேகத்தைக் குறைத்தாள். என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. பஸ் அந்தக் கரையிலேயே நின்றது. விளக்கை ஒரு முறை அணைத்துப் போட்டது, நீ வா என்று. கயல் ஏறினாள். பாலத்தைத் தாண்டிப் பஸ்ஸை ஒட்டிப் போகும்போது ஓட்டுநர் ஜன்னலிலிருந்து கையை நீட்டி எங்கள் கூரையைக் காட்டிச் சிரித்தார். அதே ஆள்தானாம், கயல் சொன்னாள்.

நெஞ்சு இறங்கி இடத்தில் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து என் தோளில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்தேன், நனைந்திருந்தது.

"கயலு, நிறுத்து! ஒழுகுது! நிறுத்துடி!"

அவள் நிறுத்தவில்லை. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அம்மா, உன் பக்கத்துக் கண்ணாடியை ஏத்து. வீட்டுலேருந்து தொறந்தே வச்சுட்டு வர்ற."

ஏற்றினேன். சொட்டு நின்றது.

முருகேசா, ஒட்டுகிற விளக்கு நன்றாகத்தான் இருக்கும். தாராளமாக ஒட்டு. ஆனால் அதற்கும் வயர் எங்கேயாவது உள்ளே வந்துதானே ஆக வேண்டும்? அந்த இடத்தில் தொங்கல் விடு, வடிகால் விடு. வண்டிக்காரர் வீட்டில் யார் பொட்டு வைக்கிறார்கள் என்று மறக்காமல் கேள். கெட்டில் வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள். ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; கயல் இரண்டாவது வண்டி வாங்கப் போகிறாளாம்.